தூணுக்குள் இருக்கும் தண்டு

ருமேனியாவின் தென்மேற்கே, கார்பாத்திய மலையடிவாரத்தில், ஜியு ஆற்றங்கரையில் தர்கு ஜியு என்று ஓர் ஊர் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறக்குறைய 73,000. சுற்றுவட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள். இந்தச் சிறு நகரத்தின் சொத்துப் பட்டியலில் 20-ஆம் நூற்றாண்டுச் சிற்பக்கலையின் மிகப் பெரிய படைப்புகளில் ஒன்று இருக்கிறது. சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குஷி 1937-லும் 1938-லும் செய்து தந்த மௌன மேசை, இருக்கைகளின் பாதை, முத்த வாயில், முடிவிலாத் தூண் ஆகிய நான்கும் சேர்ந்த தொகுதிதான் அது. முதல் மூன்றும் ஆற்றோரப் பூங்காவில் உள்ள கல் வேலைகள். தூண் மட்டும் இரும்பு. ஊரின் மறுகோடியில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, தனியே நிற்கிறது.

இவற்றின் அழகைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் ஒரு நகரம் இப்படி ஒன்றைச் சொந்தமாக வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. சொந்தம் என்பது பத்திரத்தில் பெயர் இருப்பதோடு முடியாது. உள்ளே என்ன இருக்கிறது, தண்ணீர் எங்கே புகுகிறது, மேல்பூச்சு ஏன் உரிகிறது என்று ஊரில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தர்கு ஜியுவில் அது தெரிந்த காலமும் உண்டு, தெரியாத காலமும் உண்டு. இரண்டின் அடையாளங்களும் தூணில் பதிந்திருக்கின்றன.

முதல் உலகப் போரில், 1916 அக்டோபரில், ஜியு பாலத்தருகே ஜெர்மன் படையை எதிர்த்துப் படைவீரர்களோடு ஊர்மக்களும் நின்று போரிட்டார்கள். அதில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும் என்று முனைந்தது கோர்ஜ் மாவட்டப் பெண்கள் சங்கம். அதன் தலைவி அரேதியா தாதரெஸ்கு, அன்றைய பிரதமரின் மனைவி. வேலையை முதலில் சிற்பி மிலித்சா பெத்ராஷ்குவிடம் கேட்டிருக்கிறார்கள். அவர், தன் ஆசான் பிரான்குஷியைக் கேளுங்கள் என்று கைகாட்டினார். தர்கு ஜியுவுக்கு அருகிலுள்ள ஹோபித்சா கிராமத்தில் 1876-இல் பிறந்து, பாரீஸில் பெயர் வாங்கியிருந்த பிரான்குஷி, கூலி வாங்காமல் செய்து தர ஒப்புக்கொண்டார். 1938 அக்டோபர் 27 அன்று திறப்பு விழா நடந்தது.

தூணின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த சிக்கல் எல்லாம் அதிலிருந்து பிறந்தவைதான்.

உயரம் சுமார் 29.3 மீட்டர். அடுத்தடுத்து அடுக்கிய 15 முழு உருப்படிகள், மேலே ஓர் அரை, கீழே ஓர் அரை. ஒவ்வொரு முழு உருப்படியும் இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டி, இரு நுனியையும் நறுக்கியது போன்ற நான்முக வடிவம். இடுப்பு 45 சென்டிமீட்டர், நடு அகலம் 90, உயரம் 180. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற கணக்கு. 15 உருப்படிக்கு 27 மீட்டர் போக, மிச்சமுள்ள இரண்டே கால் மீட்டர் சொச்சம் மேல் கீழ் அரைத் துண்டுகளுக்கு. பீடம் கிடையாது, தரையிலிருந்து நேராக எழும்புகிறது. உச்சியில் அரை உருப்படியோடு நின்றுவிடுவதால் அது இன்னும் மேலே போய்க்கொண்டிருப்பது போலக் கண்ணுக்குப் படும்.

வெளியே தெரியும் உருப்படிகள் வார்ப்பிரும்பு. உள்ளே வெறும் கூடு. அவற்றைத் தாங்கி நிற்கும் தண்டோ எஃகு. சதுர வடிவில், மூன்று பகுதிகளாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தது. அதன் அடிப்பகுதி 5 மீட்டர் ஆழமுள்ள கான்கிரீட் அடித்தளத்தில் புதைந்திருக்கிறது. தண்டை நிறுத்திய பிறகு, சாரம் கட்டி, ஒவ்வொரு உருப்படியாக உச்சிக்கு ஏற்றி, நூலில் மணி கோப்பது போல மேலிருந்து இறக்கினார்கள். தண்டும் உருப்படிகளும் சேர்ந்து சுமார் 29 டன்.

இந்த அமைப்பை வகுத்தவர் பொறியாளர் ஷ்தெஃபான் ஜியோர்ஜெஸ்கு-கோர்ஜான். வார்த்தது பெட்ரோஷானி சுரங்க நகரத்தின் மையப் பட்டறை. 1937 ஆகஸ்டில் பிரான்குஷியே அங்கே போய், லிண்டன் மரத்தில் முதல் உருப்படியின் மாதிரியைக் கையால் செதுக்கிச் சீராக்கினார். வார்ப்படத் தொழிலில் இதைப் பேட்டர்ன் என்பார்கள். பேட்டர்னில் அரை மில்லிமீட்டர் கோணல் இருந்தால் 15 வார்ப்பிலும் அதே கோணல் வரும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது விளிம்புகள் ஒரே கோட்டில் ஓடவேண்டிய தூண் இது. ஒரு கோணல் 15 மடங்காகத் தெரியும். பாரீஸிலிருந்து வந்த சிற்பி ஒரு சுரங்கப் பட்டறையில் உளியோடு நின்றதற்கு அதுதான் காரணம்.

சிலைக்குள் எஃகுச் சட்டம் வைப்பது அன்றைக்கே பழகிய முறை. இங்கே விசேஷம், தூணின் மெலிவு. உயரத்தை நடு அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 33. இடுப்பு அகலத்தால் வகுத்தால் 65. இவ்வளவு ஒல்லியான ஒன்றைக் காற்று ஆட்டி எடுத்திருக்க வேண்டும். சீரான உருளையில் காற்றுச் சுழிகள் இரு பக்கமும் மாறி மாறி ஒரே தாளத்தில் கழன்றுபோகும். அந்தத் தாளம் கட்டுமானத்தின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போனால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். புகைபோக்கிகளுக்கு வரும் ஆபத்து இதுதான். இந்தத் தூணிலோ ஒவ்வொரு 90 சென்டிமீட்டருக்கும் அகலம் கூடியும் குறைந்தும் வருகிறது. சுழிகள் எல்லா உயரத்திலும் ஒரே தாளத்தில் சேர முடிவதில்லை. பிற்காலத்தில் காற்றுச் சுரங்கச் சோதனை, அதாவது மூடிய கூடத்தில் மாதிரியின்மேல் காற்றை வீசிப் பார்க்கும் சோதனை, செய்த பொறியாளர்களும் இந்த வடிவம் காற்றாட்டத்துக்கு எளிதில் ஆட்படாது என்றே கண்டார்கள். பிரான்குஷி இதைக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, அழகுக்காகத்தான் செய்தார். வடிவமே காவலாகவும் அமைந்துவிட்டது.

1950-களில் இதற்கு ஒரு கொடுமையான சோதனை வந்தது. பிரான்குஷியின் கலை அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு ஆகாததாகிவிட்ட காலம். 1951-இல் அவர் தன் பட்டறையையே நாட்டுக்குக் கொடுக்க முன்வந்தும் ஏற்கவில்லை. அது பிரான்சுக்குப் போயிற்று. அந்தச் சூழலில், ஊர் நிர்வாகத்தில் இருந்தவர்கள் தூணைச் சாய்த்துப் பழைய இரும்பாக உருக்கப் பார்த்தார்கள். வடம் கட்டி டிராக்டரால் இழுத்தும் தூண் விழவில்லை. வெளியே தெரிந்த இரும்பு கூடு என்றாலும், உள்ளே அடி முதல் நுனி வரை ஓடும் எஃகுத் தண்டு 5 மீட்டர் கான்கிரீட்டில் வேரூன்றி நின்றதே, அதை ஒரு டிராக்டர் என்ன செய்யும்? ஊரின் சொத்தை ஊரே அழிக்க முனைந்தபோது, ஜியோர்ஜெஸ்கு-கோர்ஜானின் தண்டுதான் அதைக் காப்பாற்றியது.

தண்டு நின்றது. பூச்சு நிற்கவில்லை.

பிரான்குஷிக்குத் தூண் பொன்மஞ்சளாக மின்ன வேண்டும். முழுவதும் பித்தளையில் வார்க்கச் செலவு கட்டாது. வார்ப்பிரும்பின் மேல் உருகிய பித்தளையைத் துப்பாக்கியால் தெளித்தார்கள். மெட்டல் ஸ்பிரே என்று நம் பட்டறைகளிலும் சொல்கிறார்களே, அதே முறை. கம்பியாக உள்ளே போகும் உலோகம் தீக்கொழுந்தில் உருகி, அழுத்தக் காற்றில் சிறு துளிகளாகச் சிதறி, பரப்பில் போய்த் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். தூணை நிறுத்திய பிறகு, 1938-இல் அந்த வேலை நடந்தது.

இதில் மூன்று பிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. முதலாவது, தெளித்த உலோகம் வார்த்த உலோகத்தைப் போல இறுக்கமாக இருக்காது. துளிக்கும் துளிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். மழையும் பனியும் அவற்றின் வழியே இரும்பைத் தொட்டுவிடும்.

இரண்டாவதுதான் பெரிய கேடு. ஈரம் பட்ட இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், எளிதில் அரிபடும் உலோகம் மற்றதற்காகத் தன்னைக் கொடுக்கும். இரும்பையும் துத்தநாகத்தையும் சேர்த்தால் துத்தநாகம் அரிந்து இரும்பைக் காக்கும். வீட்டுக் கூரைத் தகரத்தில் துத்தநாகம் பூசுவது அதற்காகத்தான். இரும்பையும் பித்தளையையும் சேர்த்தாலோ கணக்குத் தலைகீழ். பித்தளை நலமாக இருக்கும், இரும்பு அரியும். அதுவும் பரந்த பித்தளைப் பரப்பில் ஒரு சிறு துளை விழுந்தால், அரிப்பு முழுக்க அந்த ஒரு புள்ளியில் குவியும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆகவே பூச்சை அடியிலிருந்து தள்ளி உப்ப வைத்து உரித்துவிடும்.

மூன்றாவது, வெயிலும் குளிரும். பித்தளை சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கோடையில் 30 டிகிரியைத் தாண்டி, குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போகும் ஊரில், ஆண்டுதோறும் இந்த இழுபறி நடந்துகொண்டே இருக்கும்.

ஒரே ஓர் உருப்படியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். அதன் மேல்பாதி கீழ்நோக்கி விரிகிறது. மழை அதன்மேல் நேராக விழுந்து, தூசியைக் கழுவிக்கொண்டு 90 சென்டிமீட்டர் விளிம்புக்கு ஓடிவரும். அங்கே கொஞ்சம் சொட்டும். மிச்சம் விளிம்பைத் தாண்டி, உள்நோக்கிச் சரியும் கீழ்பாதியில் ஒட்டிக்கொண்டு இறங்கும். கீழ்பாதி மழை நேராகப் படாத இடம் என்பதால் தூசியும் பனியீரமும் அங்கே தங்கும். ஒட்டிக்கொண்டே வரும் நீர் போய்ச் சேருவது 45 சென்டிமீட்டர் இடுப்புக்கு, அதாவது ஓர் உருப்படி அடுத்ததன்மேல் உட்காரும் மூட்டுக்கு. தூணின் வடிவம் காற்றுக்குக் காவலாக இருந்தாலும், மழைநீரை ஒவ்வொரு மூட்டுக்கும் கைப்பிடித்துக் கூட்டிப்போய் விடுகிறது. மூட்டு வழியே உள்ளே போன நீர் கூட்டுக்குள் ஆவியாகி, இரவுக் குளிரில் மறுபடி உட்புறச் சுவரில் வியர்த்து நிற்கும்.

1960-களின் நடுவிலும் 1970-களின் நடுவிலும் தூணுக்கு மறுபடி பித்தளை தெளித்தார்கள். பளபளப்புத் திரும்பி வந்தது, ஆனால் அடியில் இருந்த காரணம் அப்படியே இருந்தது. துருவை முழுக்க நீக்காமல் மேலே பூசினால் எத்தனை முறை பூசினாலும் உரியும். இது சிலை பராமரிப்பில் எல்லா ஊரிலும் நடக்கும் தவறு: விழா வருகிறதென்றால் பூச்சு நடக்கும், மூட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

1996-இல் உருப்படிகளைக் கழற்றி இறக்கினார்கள். அப்போது இருந்த திட்டத்தில் எஃகுத் தண்டையே எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத புதிய தண்டு வைக்கும் யோசனை இருந்தது. அதையொட்டிப் பெரிய சர்ச்சை எழுந்து வேலை நின்றது. உலக நினைவுச்சின்ன நிதியம் தன் ஆபத்துப் பட்டியலில் தூணைச் சேர்த்தது. பிறகு அந்த நிதியமும் ருமேனிய அரசும் உலக வங்கியின் கடனும் சேர்ந்து 2000-இல் சீரமைப்பை முடித்தன. பரிசோதித்ததில், மாற்றியே தீரவேண்டும் என்ற தண்டு நல்ல நிலையில் இருந்தது தெரிந்தது. எனவே மூலத்தண்டைச் சுத்தம் செய்து காப்பிட்டு அதையே நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் சரியான முடிவு என்பதில் சந்தேகமில்லை. வெளியே பூச்சு உரிந்து அசிங்கமாகத் தெரிகிறது என்பதற்காக உள்ளிருக்கும் எலும்பும் போய்விட்டது என்று நினைப்பது, பார்க்காமலே மருந்து எழுதுவதற்குச் சமம். டிராக்டரை எதிர்த்து நின்ற தண்டு, அதே ஊரின் நல்லெண்ணத்தால் பறிபோகப் பார்த்தது.

இப்படி ஒரு வார்ப்பிரும்புப் பரப்புக்கு மறுபடி உலோகம் தெளிப்பதென்றால், வேலையில் முக்கால் பங்கு தெளிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பழைய பூச்சையும் துருவையும், அழுத்தக் காற்றில் மணலை அடிக்கும் சேண்ட் பிளாஸ்டிங் முறையில், வெறும் உலோகம் சாம்பல் வெள்ளையாகத் தெரியும் வரை நீக்க வேண்டும். அப்போதுதான் பரப்பு கைக்குச் சொரசொரக்கும். துளி பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்பு வேண்டும். வழவழப்பான இரும்பில் தெளித்தது நகத்தால் கீறினாலே வரும். நீக்கிய நான்கு மணி நேரத்துக்குள் முதல் தெளிப்பு விழ வேண்டும். பிந்தினால் கண்ணுக்குத் தெரியாத மென்துரு படிந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் வேலை செய்யக்கூடாது. உலோகத்தின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். இரும்பின்மேல் பித்தளை நிறம் வேண்டும் என்கிற இடங்களில் அடியில் துத்தநாகப் படலம் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. துளை வழியே ஈரம் இறங்கினாலும் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னைக் கொடுக்கும். கடைசியில் துளைகளை அடைக்கும் திரவப் பூச்சு. வருகிற மழைகளைத் தாங்குவது பெரும்பாலும் இதுதான்.

அதற்குப் பிறகு ஒரு சபலத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். பித்தளை வெளிக்காற்றில் பழுப்பேறும். மங்கிவிட்டதே என்று தேய்த்து மெருகேற்றினால், தெளித்த படலம் தேய்ந்து மெலிந்து இரும்பு தெரியும். குத்துவிளக்கு உள்வரை பித்தளை என்பதால் தேய்க்கத் தேய்க்க மின்னும். இதில் இருப்பது மில்லிமீட்டரைவிட மிக மெல்லிய தோல். சிற்பி விரும்பிய பொன்னிறமும் பூச்சின் ஆயுளும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இடம் இது. நிறம் மங்குவதைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

கல் வேலைகளின் கதை எளிது, ஆனால் அலட்சியம் செய்தால் சேதம் அங்கேயும் உண்டு. முத்த வாயில் பன்போத்தோக் சுரங்கத்து டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக்கல். இயல்பாகவே துவாரமுள்ள கல் அது. 5 மீட்டருக்குச் சற்று மேலான உயரம். மௌன மேசை வட்டக் கல், 2 மீட்டருக்குச் சற்று மேலான விட்டம். அதைச் சுற்றி 12 இருக்கைகள், இரண்டு அரைக்கோளங்களை முதுகோடு முதுகு ஒட்டியது போல. பூங்காப் பாதையில் இன்னொரு 30 இருக்கைகள், அவை சதுர மேல்பரப்புள்ளவை. தட்டையான மேல்பரப்பில் மழை ஒரு மெல்லிய படலமாகத் தேங்கும். துவாரத்தில் இறங்கிய நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெரிதாகிக் கல்லின் ஓரத்தைப் பொரியாக்கிவிடும். நிழல் உள்ள இடங்களில் பாசி படரும். அதை நீக்க மென்மையான நார்த் தூரிகையும் தண்ணீரும் பொறுமையும் போதும். கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து ஒடிந்து துவாரத்தில் மாட்டும் இரும்புத் துகள் துருவேறிக் கல்லில் செம்பழுப்புக் கறை விடும். அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். அழுத்த நீர்ப் பீய்ச்சி பாசியோடு கல்லின் தோலையும் எடுக்கும். நடைபாதையில் பனி உருகத் தூவும் உப்பு கல்லின் அடிக்கு வரக்கூடாது. இவ்வளவுதான். ஆனால் இதைத் துப்புரவு வேலைக்கு வரும் ஒவ்வொரு புதியவருக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும். ஒப்பந்தம் மாறும்போது இந்த அறிவு கைமாறாமல் போவதுதான் சிறு நகராட்சிகளின் நிரந்தரக் குறை.

நகரத்தின் சொத்து இந்த நான்கு பொருள்களோடு நிற்கவில்லை என்பது இன்னொரு சிக்கல். மேசை, வாயில், தூண் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. ஆற்றங்கரை மேசையில் தொடங்கி, வாயிலைத் தாண்டி, வீரர்களின் தெரு வழியே கிழக்கே நடந்து தூணை அடைய வேண்டும் என்பதே ஏற்பாடு. இடையில் புனித பீட்டர், புனித பால் தேவாலயம் அதே கோட்டின்மேல் நிற்கிறது. தெரு அதைச் சுற்றிப் போகிறது. மற்றபடி வீடுகள், கடைகள், வண்டிப் போக்குவரத்து. கோடு சிற்பத்தின் பகுதி, கோட்டில் இருப்பவையோ பலபேருக்குச் சொந்தம். ஒரு விளம்பரப் பலகை, ஓர் உயரமான புதுக் கட்டடம், தப்பான இடத்தில் நட்ட மரவரிசை, எதுவும் சிற்பத்தைத் தொடாமலே சிற்பத்தைக் கெடுக்கும். 2000-த்தை ஒட்டி நடந்த சீரமைப்பில் பூங்காக்களுக்கும் தனி நிலவடிவமைப்புத் திட்டம் போட்டது இதை உணர்ந்துதான்.

இந்தப் படைப்புக்கும் இந்தியாவுக்கும் இரண்டு தொடர்புகள் உண்டு. தூணை நிறுத்திய கையோடு, 1937 முடிந்து 1938 பிறக்கும் வேளையில், பிரான்குஷி இந்தூருக்கு வந்தார். அவருடைய பறவைச் சிற்பங்கள் மூன்றை வாங்கியிருந்த மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்கு அவற்றை வைக்க ஒரு தியானக் கோயில் கட்டித் தருவதாகப் பேச்சு. அது கட்டப்படவே இல்லை. மன்னர் ஒருவரின் விருப்பத்தில் தொங்கிய வேலை காகிதத்தோடு நின்றது. பெண்கள் சங்கம் முன்னெடுத்து ஊரிடம் ஒப்படைத்த வேலை நிற்கிறது. இரண்டாவது தொடர்பு, தர்கு ஜியுவின் இந்தத் தொகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2024 ஜூலையில், புது தில்லியில் கூடிய யுனெஸ்கோ கூட்டத்தில்.

பட்டியலில் பெயர் ஏறியதால் கண்காணிப்பு கூடும், சுற்றுலாக் கூட்டமும் கூடும். தூணின் பிரச்சினை அதனால் மாறிவிடாது. வெளிப்பூச்சைச் சாரம் கட்டி ஏறிப் பார்த்துவிடலாம். ஒவ்வோர் உருப்படியின் நான்கு முகங்களையும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து எண் போட்டு வைத்தால், எந்த மூட்டில் துரு ஒழுகத் தொடங்குகிறது என்பது சில ஆண்டுகளிலேயே தெரியும். தண்டை அப்படிப் பார்க்க முடியாது. மேலிருந்து கோத்த மணிகளை மேலிருந்துதான் கழற்ற வேண்டும். அடியிலுள்ள எஃகை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் மேலே இருக்கும் 15 முழு உருப்படிகளும் இறங்கியாக வேண்டும். 1996-க்கும் 2000-க்கும் நடுவே தண்டு வெளியே தெரிந்த அந்த நான்கு ஆண்டுகளில் எடுத்த அளவுகளும் படங்களும் சோதனைக் குறிப்புகளும் இருக்கின்றனவே, தூணுக்கு அடுத்தபடியாக அந்த நகராட்சி பூட்டிப் பாதுகாக்க வேண்டியவை அவைதான்.